கூந்தல்தானே என்பாருக்கு

பாண்டியன் அவையிலே எழுந்த ஒரு வழக்கைத் தமிழர் யாவரும் அறிவர். மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்பது அவ்வழக்கு. இறையனார் ஒரு பக்கம் நின்றார். நக்கீரர் மறு பக்கம் நின்றார். கூந்தலைப் பற்றி அரசன் முன்னிலையில் வாதிட்ட மரபிலே வந்த நாம், இன்று வேறொரு கூந்தல் வழக்கை மக்கள் மன்றத்தின் முன் வைக்கிறோம். இவ்வழக்கின் வாதி அரசியல்லள். பூனாகலை மலையிலே கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண். வழக்கின் பொருள் மணமும் அன்று, மானம்.

ஒரு சகோதரியின் கதையைச் சொல்லித் தொடங்குவோம். பெயர் வேண்டாம்; அவரை ஒத்தவர் பலர். மார்பிலே கட்டி கண்டது. வைத்தியசாலைக்குச் சென்றார், அறுவைச் சிகிச்சை நடந்தது, பின்னர் கீமோதெரபி எனப்படும் மருந்தை நாளத்தில் ஏற்றும் சிகிச்சை தொடங்கிற்று. முதல் முறை மருந்தேற்றிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார். மூன்றாம் கிழமை காலையில் தலை வாரியபோது சீப்போடு சிகை முழுவதும் கையிலே வந்தது. அதன்பின் அவர் இரண்டாம் முறைக்குப் போகவில்லை. நம் தோழர்கள் சென்று கேட்டபோது, "உசுரு போனாலும் போவுதுங்க ஐயா, தலய மொட்டயா வச்சிக்கிட்டு பெரட்டுக்கு எப்புடிப் போயி நிக்கிறது?" என்று கேட்டார். பெண்கள் பலர் சேர்ந்து, பல நாள் பேசி, அவரை மீண்டும் அனுப்பி வைத்தனர். ஆயின் அதற்குள் இரண்டு மாதங்கள் கழிந்துவிட்டன. நோய் அந்த இரண்டு மாதமும் ஓய்ந்திருக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பார்?

"மயிர்தானே, மறுபடியும் வளரும்" என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். வளரும் என்பது உண்மை. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலானோருக்கு மயிர் மீண்டும் முளைக்கிறது. ஆயின், அதுவரை அந்தத் தலையோடு வாழவேண்டியவர் யார்? நகரத்துப் பெண் வீட்டுக்குள் இருக்கலாம். முக்காடிட்டுக் காரில் செல்லலாம். தோட்டத்துப் பெண் விடியற்காலைப் பெரட்டிலே நூறு பேர் முன்னிலையில் நிற்க வேண்டும். பத்தடிக் காம்பராவில் குடும்பம் முழுவதும் வாழும் லயத்திலே மறைவு ஏது? மேலும் ஒன்றுண்டு. கொழுந்துக் கூடையின் கயிறு எங்கே தங்குகிறது? தலையிலே. துணியை மடித்து உச்சியில் இட்டு அதன்மேல் கயிற்றை மாட்டிப் பாரம் முழுவதையும் நம் பெண்கள் தலையால் தாங்குகிறார்கள். மயிரற்று, மருந்தால் நொந்து, தொட்டாலே எரியும் தலைத்தோலின்மேல் அந்தக் கயிறு விழுந்தால் எப்படியிருக்கும் என்பதை, "மயிர்தானே" என்று சொல்வோர் ஒருநாளாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

நம் சமூகத்திலே மொட்டைத் தலைக்கு இரண்டு பொருள் உண்டு. கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்து முடியிறக்கினால் அது பக்தி. விரும்பாதவள் தலையில் மயிர் இல்லையென்றால் அது அமங்கலம். கைம்பெண்ணின் தலையை மழித்த கொடுமை மறைந்தாலும் அதன் நிழல் மனத்தைவிட்டு மறையவில்லை. கணவன் உயிரோடிருக்கும்போதே தன்னைக் கண்டு பிறர் கல்யாண வீட்டு வாசலில் முகம் திருப்புவார்களோ என்று ஒரு பெண் அஞ்சுகிறாள். இவ்வச்சத்தை மூடநம்பிக்கை என்று ஏசுவது எளிது, ஏசவும் வேண்டியதுதான். ஆனால், சமூகம் திருந்தும் வரையில் புற்றுநோய் காத்திருக்குமா?

நிற்க. இந்த மயிர் உதிர்வைத் தடுக்க வழியுண்டா என்றால், உண்டு. எல்லோருக்கும் அன்று; முழுமையாகவும் அன்று. எனினும் பலருக்கு உண்டு. தலையைக் குளிர்விப்பதே அவ்வழி. நம் தோட்டங்களில் நாம் சந்தித்துப் பேசிய பெண்களில் ஒருவரேனும் இதனைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆகவே இதனை விளக்குவது நம் கடமையாகின்றது.

மருந்து ஏன் மயிரை உதிர்க்கிறது? கொழுந்து பறிப்போருக்கு இதனை விளக்குவது எளிது. கை எதனைப் பறிக்கிறது? துளிர்த்து வளரும் கொழுந்தை. முற்றிய இலையை அது தொடுவதில்லை. புற்றுநோய் மருந்தின் கையும் அத்தகையதே. உடலில் விரைந்து பெருகும் கலங்களைத் தேடித் தாக்குவது அதன் தொழில். புற்றுநோயின் கலங்கள் விரைந்து பெருகுபவை. ஆகவே அவை அழிகின்றன. ஆனால் மயிர்க்காலின் கலங்களும் விரைந்து பெருகுபவையே. தலையிலுள்ள மயிரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு எந்நேரமும் வளர்நிலையில் உள்ளது. பகைவன் எவன், நண்பன் எவன் என்று மருந்துக்குத் தெரியாது. மருந்தேற்றி இரண்டு அல்லது மூன்று கிழமைகளில் மயிர் உதிரத் தொடங்குகிறது. டொக்சோரூபிசின், சைக்ளோபொஸ்பமைட், பக்லிடாக்சல், டொசிடாக்சல் முதலியன மயிரை உதிர்ப்பதில் முன்னிற்பவை. மார்புப் புற்றுநோய்க்குப் பெரிதும் கையாளப்படுபவையும் இவையே. இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் மார்புப் புற்றுநோயே. எனவே இது ஒரு சிலரின் குறை அன்று.

குளிர் இதனை எவ்வாறு தடுக்கிறது? கடுங்குளிரில் விரல் வெளிறிப் போவதை நாம் அறிவோம். குளிர்ந்த இடத்தில் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. மருந்து குருதியோடு ஓடும் அந்த நேரத்திலே தலைத்தோல் குளிர்ந்திருந்தால், மயிர்க்காலுக்குச் சென்று சேரும் மருந்து குறைகிறது. அன்றியும், குளிர்ந்த கலம் மந்தப்படுகிறது. மருந்தை உட்கொள்வதும் குறைகிறது. பனிக்காலத்தில் தேயிலைச் செடி கொழுந்து விடாமல் அடங்கியிருப்பதைப் போல, மயிர்க்கால் அடங்கியிருந்து ஆபத்தைக் கடந்து செல்கிறது. தத்துவம் இவ்வளவே.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய புதுமையும் அன்று. 1979 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து டீன், சால்மன் முதலிய வைத்தியர்கள், டொக்சோரூபிசின் பெறுவோரின் தலையைக் குளிர்வித்தால் மயிர் உதிர்வைத் தடுக்கலாமென்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினர். உறைய வைத்த தொப்பிகளை மீண்டும் மீண்டும் மாற்றி அணிவது பழைய முறை. பின்னர் இயந்திரம் வந்தது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரிலே, பியரைக் குளிர்விக்கும் கருவிகள் செய்துவந்த பக்ஸ்மன் குடும்பத்திலே, ஒரு பெண்ணுக்கு மார்புப் புற்றுநோய் வந்து கூந்தல் உதிர்ந்தது. பியரைக் குளிர்விக்கத் தெரிந்தவர்கள் தலையைக் குளிர்விக்கும் இயந்திரத்தை 1990 களில் உருவாக்கினார்கள். சுவீடனிலே டிக்னிகாப் என்னும் கருவி பிறந்தது. அதற்கு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2015 டிசம்பரில் அனுமதி வழங்கிற்று. பக்ஸ்மன் கருவிக்கு 2017 இல் வழங்கிற்று.

இயந்திரம் பெரிய மாயமன்று. குளிர்ந்த திரவம் ஓடும் மென்மையான தொப்பியை நனைத்த தலையில் இறுக அணிவிப்பார்கள். மருந்தேற்றுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு முன்பே குளிர்விக்கத் தொடங்குவார்கள். மருந்தேறும் நேரம் முழுவதும் தொடர்வார்கள். முடிந்த பின்னரும், மருந்தைப் பொறுத்து, ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்திருக்கச் செய்வார்கள். தொடக்கத்தில் தலை வலிக்கும், குளிர் வாட்டும். சற்று நேரத்தில் பழகிப்போகும் என்கிறார்கள் அதனை அணிந்தவர்கள். மார்கழிப் பனியிலே ஈரச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மலையேறும் நம் பெண்களுக்குக் குளிரைக் காட்டியா அச்சுறுத்துவது?

பலன் என்ன? சட்டம் படித்தோர் சான்றில்லாமல் பேசலாகாது. 2017 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலே இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றிலே தலை குளிர்விக்கப்பட்ட 95 பெண்களில் 48 பேர் பாதிக் கூந்தலுக்குமேல் காத்துக்கொண்டனர். குளிர்விக்கப்படாத 47 பேரில் ஒருவர்கூட இல்லை. மற்றொன்றில் 101 பேரில் 67 பேருக்குப் பலன் கிட்டிற்று. குளிர்விக்கப்படாத 16 பேரில் ஒருவருக்கும் கிட்டவில்லை. "வெள்ளைக்காரியின் மெல்லிய மயிருக்குப் பொருந்தியது நம் பெண்களின் அடர்ந்த கூந்தலுக்குப் பொருந்துமா?" என்ற கேள்வி எழுவது நியாயமே. அதற்கும் விடை உண்டு. பம்பாயின் டாட்டா நினைவு வைத்தியசாலையில் 51 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2020 இல் வெளியான ஆய்விலே, குளிர்விக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் கூந்தலைக் காத்துக்கொண்டனர். குளிர்விக்கப்படாதோரில் ஒருவரும் காக்கவில்லை. நமக்கு அண்டையிலே, நம்மையொத்த கூந்தலுடைய பெண்களிடத்திலே கிடைத்த சான்று இது.

பாதிப் பேருக்குத்தான் பலன் என்றால் அது வெற்றியா என்று கேட்கலாம். பாதிப் பேர் என்பது, இன்று ஒருவருமில்லாத இடத்தில், பெரிய தொகை. ஆனால் பொய்யான ஆசையை ஊட்டுவதும் நம் தொழிலன்று. டொக்சோரூபிசின் போன்ற மருந்துகளிலே பலன் குறைவு. பக்லிடாக்சல் வகையிலே பலன் கூடுதல். இரத்தப் புற்றுநோய் உடையோருக்கு இம்முறை ஆகாது. ஏனெனில் தலைத்தோலின் குருதியிலும் நோய்க் கலங்கள் ஒளிந்திருக்கக்கூடும். குளிரைத் தாங்காத சில குருதி நோய்கள் உள்ளோருக்கும் ஆகாது. தலைத்தோலிலே பின்னர் புற்றுநோய் முளைக்குமோ என்ற அச்சம் ஒரு காலத்தில் இருந்தது. மார்புப் புற்றுநோயில் அத்தகைய நிகழ்ச்சி மிக அரிதென்றும், குளிர்விப்பதால் அது கூடவில்லையென்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். நாம் கேட்பதெல்லாம் அந்தக் கேள்வியாவது நம் பெண்ணுக்காக எழுப்பப்பட வேண்டுமென்பதே.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: "ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கே ஆண்டுக்கணக்கில் கத்திக் கதறி 2021 இல்தான் பெற்றோம். மண்சரிவிலே வீடிழந்தவனுக்கு வீடில்லை. இந்த நிலையில் கூந்தலுக்குப் போராட்டமா? மக்கள் சிரிக்க மாட்டார்களா?" 2014 இல் மீரியபெத்தையும், 2023 இல் பூனாகலைக் கபரகலையும் மண்ணுக்கு இரையானதை நாம் மறந்தவர்களல்லர். 2022 இன் நெருக்கடியிலே வைத்தியசாலைகளில் மருந்தே இல்லாமல் நோயாளிகள் தவித்ததையும் மறக்கவில்லை. மருந்தா, தொப்பியா என்று கேட்டால் மருந்தே என்போம். அதில் ஐயமில்லை.

ஆயினும் இவ்வாதத்திலே ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. ஏழைக்கு உயிர் போதும், மானம் எதற்கு என்பதே அது. வீடு கேட்டபோது "கூரை இருக்கிறதே, லயம் போதாதா?" என்றார்கள். பள்ளிக்கூடம் கேட்டபோது "கொழுந்து பறிக்க எழுத்து எதற்கு?" என்றார்கள். வாக்குரிமை கேட்டபோது, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் காட்டி, "நீ இந்த நாட்டவனே அல்ல" என்றார்கள். ஒவ்வொரு முறையும் நமக்கு அளந்து கொடுக்கப்பட்டது உயிர் ஒட்டியிருக்கும் அளவு மட்டுமே. அந்தப் படியளப்பை நாமே நம் பெண்களுக்குச் செய்வோமானால், துரைமார்களுக்கும் நமக்கும் வேறுபாடு யாது?

மேலும், உயிர் வேறு, கூந்தல் வேறு என்று பிரிப்பதே தவறு. நாம் முதலில் சொன்ன சகோதரி மருந்துக்குப் பயந்து நிற்கவில்லை. வாந்திக்குப் பயந்து நிற்கவில்லை. மொட்டைக்குப் பயந்து நின்றார். கூந்தல் போகுமென்ற அச்சமே சிகிச்சையை மறுக்கச் செய்வதை வெளிநாட்டு வைத்தியர்களும் கண்டிருக்கிறார்கள். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் விலையுயர்ந்த மருந்து, நோயாளி வராமையால் வீணாகுமென்றால், அந்த வீணைக் கணக்கிட்டவர் யார்?

சட்டத்தின் கண்ணால் பார்த்தாலும் நம் கோரிக்கை விந்தையானதன்று. இந்நாட்டிலே வழங்கும் உரோமன் டச்சுச் சட்டப்படி, ஒருவனுடைய கவனமின்மையால் மற்றொருவன் காயமுற்றால், வலிக்கு மட்டுமன்றி உருக்குலைவுக்கும் நட்டஈடு உண்டு. உருவம் கெடுவது இழப்பே என்பதை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டுள்ளன. நீதிமன்றத்தில் பணம் பெறும் தகுதியுள்ள இழப்பு, வைத்தியசாலையிலே மட்டும் பொருட்படுத்தத் தகாத ஒன்றாவது எப்படி? உடல் உள நலத்தின் உயர்ந்த தரத்தை அடைவது ஒவ்வொருவரின் உரிமையென்று கூறும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை 1980 இல் சேர்ந்தது. உள நலம் என்ற சொல்லும் அதிலே இருக்கிறது. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. பணமுள்ளவள் கடல் கடந்து சென்று கூந்தலையும் காத்துக்கொள்ளலாம். பூனாகலைப் பெண் அறியவும் மாட்டாள் என்பது எந்தச் சமத்துவம்? அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம், இதன் செலவைக் காப்புறுதி நிறுவனங்கள் ஏற்கவேண்டுமென்று 2024 இல் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டமன்றங்கள் பேசத் தகுந்த பொருள்தான் இது.

ஆகவே நாம் கேட்பது என்ன? வானத்து நிலவையன்று. நான்கு காரியங்களை, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறோம்.

முதலாவது, சொல். மருந்தேற்றுவதற்கு முன்பே, மயிர் உதிரும், எப்போது உதிரும், எப்போது முளைக்கும் என்பதைத் தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழிலே சொல்லவேண்டும். தமிழும் அரசகரும மொழியென்று 1987 இல் 13 ஆம் திருத்தம் சொல்லிவிட்டது. விளங்காத மொழியில் எழுதிய தாளிலே கைந்நாட்டு வாங்குவது சம்மதமாகாது. முன்னரே அறிந்தவள் சீப்பிலே சிகை வந்த காலையில் இடிந்துபோக மாட்டாள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இரண்டாவது, பொய்முடியும் தலைத்துணியும். குளிர்விப்புப் பொருந்தாதோருக்கும் பலன் தராதோருக்கும் இவை வேண்டும். நம் பெண்கள் கோவிலுக்குக் கூந்தலைக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கூந்தலிலே ஒரு பங்கு புற்றுநோய் வந்த சகோதரியின் தலைக்கு வருமானால் எந்தத் தெய்வமும் கோபிக்காது.

மூன்றாவது, இயந்திரம். பதுளை வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு ஒரே ஒரு குளிர்விப்பு இயந்திரத்தை நிறுவிச் சோதனை நடத்தட்டும். இருவருக்கு ஒரே நேரத்தில் பயன்படும் இயந்திரங்களும் உள்ளன. கட்டி வகைப் புற்றுநோயுள்ள பெண்களில் விரும்பியோருக்கு அணிவித்து, எத்தனை பேருக்குப் பலன் கிட்டிற்று, எத்தனை பேர் சிகிச்சையை இடையில் விடாது முடித்தனர் என்று கணக்கெடுத்து வெளியிடட்டும். பலனில்லையேல் நாமே அதனை ஒப்புக்கொள்வோம். பொருளுதவிக்குத் தோட்டக் கம்பனிகளிடம் கை நீட்டலாம். 1912 இலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளியின் உடல் நலத்துக்குத் தோட்டமும் பொறுப்பு என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட கொள்கை; நம் புதுக் கற்பனையன்று.

நான்காவதே முக்கியமானது: நேரம். தலை குளிர்விப்பதற்கு மேலதிகமாக இரண்டு மணி நேரமாவது நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். பூனாகலைப் பெண் விடியுமுன் புறப்பட்டுப் பண்டாரவளைக்கு வந்து, அங்கிருந்து பதுளைக்கு வேறு பஸ் பிடிக்கிறாள். மாலையில் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு எங்கே தங்குவாள்? பஸ்ஸுக்காக அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓடுவாளானால், இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய இயந்திரத்தால் யாருக்கு இலாபம்? அன்று பேர் விழாது. மறுநாளும் உடம்பு எழாது. இரண்டு நாட் சம்பளம் போயிற்று. மகரகமைக்கு அனுப்பப்படுவோருக்கோ வழி இருநூறு கிலோமீற்றருக்கு மேல். எனவே மருந்தேற்றும் நாளுக்கும் மறுநாளுக்கும் சம்பளத்தோடு விடுமுறை, தோட்டத்து வாகனம், பதுளையில் ஓரிரவு தங்கத் துப்புரவான அறை, இவை மூன்றும் இயந்திரத்தோடு சேர்ந்தே வரவேண்டும். இவையில்லாத இயந்திரம் படம் பிடிக்க உதவும், பெண்ணுக்கு உதவாது.

அரசாங்கத்தையும் கம்பனிகளையும் கேட்டுவிட்டோம். இனி நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் தொழிற்சங்கங்களின் உழைப்பிலும் சந்தாவிலும் பெரும் பங்கு பெண்களுடையது; மேடையிலே அமர்வோர் பெரும்பாலும் ஆண்கள். மார்பிலே கட்டி என்று சொல்லவே நாணும் பெண், தலைவர் ஐயாவிடம் வந்து கூந்தலைப் பற்றியா பேசுவாள்? ஆகவேதான் இத்தனை காலம் இது நம் கோரிக்கைப் பட்டியலில் ஏறவில்லை. குற்றம் அவளுடையதன்று, நம்முடையது. ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு பெண் தோழியர், சிகிச்சைக்குச் செல்வோருடன் உடன்செல்லவும், இடையில் நின்றோரைத் தேடிச் செல்லவும் முன்வரட்டும். சங்கம் அவர்களுடைய பஸ் காசைக் கொடுக்கட்டும். கூட்டத்துக்கு ஆள் திரட்ட லொறி பிடிக்கத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா?

அந்தச் சகோதரிக்கு இன்னும் சில முறை மருந்தேற்ற வேண்டியிருக்கிறது. சென்ற கிழமை அவரோடு சென்ற தோழியர் இருவரும் தம் தலையிலும் துணி கட்டிக்கொண்டே பஸ் ஏறினார்கள் என்று கேள்விப்பட்டோம். யார் நோயாளி என்று பஸ்ஸில் எவருக்கும் தெரியவில்லையாம். பூனாகலைப் பெண்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். எஞ்சிய பங்கு பதுளையிலும் கொழும்பிலும் தோட்டத்துக் காரியாலயங்களிலும் அமர்ந்திருப்போருடையது; அதனை அவர்களிடம் கேட்டு வாங்கும் பொறுப்பு நம்முடையது.